துணிப்பை எத்தனை தடவை கடைக்குப் போக வேண்டும்?

டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கடையில் சாமான் வாங்கிவர உதவும் பைகளில் எது சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாரம் என்று ஒப்பிட்ட அறிக்கை அது. அதிலிருந்து ஓர் எண் மட்டும் கழன்று உலகம் முழுக்கப் பரவியது: இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தியில் தைத்த பையை 20,000 தடவை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையை வெல்லும். தினமும் ஒரு தடவை எடுத்துப் போனாலும் 54 வருஷம் தாண்டிவிடும். அவ்வளவு நாள் எந்தத் துணியும் தாங்காது.

இதைக் கேள்விப்பட்டவர்களில் ஒரு சாரார், "பிளாஸ்டிக் கம்பெனிகள் காசு கொடுத்து எழுதவைத்தது" என்று ஒதுக்கித் தள்ளுகிறார்கள். இன்னொரு சாரார், "பார்த்தீர்களா, பசுமை பசுமை என்பதெல்லாம் சும்மா" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரண்டு தரப்புமே அறிக்கையைத் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிய வேண்டுமானால், அதைக் கணக்கிட்ட முறை கொஞ்சம் புரிய வேண்டும். முறை புரிந்துவிட்டால் விஷயம் பையோடு நிற்காது. காகித ஸ்ட்ரா, மின்சார கார், மக்கும் கவர், பக்கத்தில் விளைந்த காய்கறி என்று பச்சை முத்திரையோடு வருகிற எதையும் நாமே எடைபோட்டுப் பார்க்கலாம்.

பிறந்த இடத்திலிருந்து குப்பைக்கிடங்கு வரை

அந்த முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஒரு பொருள் நம் கைக்கு வருவதற்கு முன்னும், நம் கையை விட்டுப் போன பின்னும் என்னென்ன விளைவிக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. மூலப்பொருளை எடுப்பது, தயாரிப்பது, லாரியிலும் கப்பலிலும் ஏற்றி வருவது, பயன்படுத்துவது, கடைசியில் தூக்கிப்போடுவது. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மின்சாரம், தண்ணீர், நிலம் செலவாகிறது, எவ்வளவு புகையும் கழிவும் வெளியே போகிறது என்று பார்ப்பார்கள்.

இதன் தொடக்கம் ஒரு குளிர்பான நிறுவனத்தில் என்பது பலருக்குத் தெரியாது. கோகோ கோலா தன் பானத்தை எந்தப் பாத்திரத்தில் அடைப்பது என்று முடிவெடுக்க, 1969இல் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்திடம் ஒரு கணக்குக் கேட்டது. பாட்டில், கேன் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மூலப்பொருளும் எரிபொருளும் ஆகிறது, எவ்வளவு மாசு வெளியேறுகிறது என்று அவர்கள் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பிறகு அந்த அணுகுமுறை வளர்ந்து, 1997இல் ஐஎஸ்ஓ 14040 என்ற சர்வதேசத் தரமாகவே ஆனது.

சரி, பைக்கு வருவோம். இரண்டு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், கடையில் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையின் எடை சுமார் 8 கிராம். துணிப்பையின் எடை 180 கிராமுக்கு மேல். ஆக, ஒரு துணிப்பை செய்கிற எடையில் இருபதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் பைகள் வந்துவிடும். அப்புறம், அந்த 180 கிராம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, வயலில் பெய்யும் மழையையும் சேர்த்து, உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. பருத்தி வயல்களுக்காக 1960களில் அமு தரியா, சிர் தரியா ஆறுகளைத் திருப்பிவிட்டதில் மத்திய ஆசியாவின் ஏரல் கடலே பெருமளவுக்கு வற்றிப்போனது. உரம், பூச்சிமருந்து, நூற்பாலை, நெசவு, சாயம், துவைப்பு எல்லாம் இதற்கு மேல். கையில் பிடித்தால் துணி இயற்கையாகத் தெரிகிறது, பிளாஸ்டிக் செயற்கையாகத் தெரிகிறது. கணக்கு அந்த உணர்வைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் பிரிட்டன் ஆய்வு, புவி வெப்பமாதலை மட்டும் எடுத்துக்கொண்டால் துணிப்பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்றது. வாரம் ஒரு தடவை என்றால் இரண்டரை வருஷம். நல்ல பை அதைத் தாராளமாகத் தாங்கும்.

அதே ஆய்வுக்குள் வேறோர் எண்ணும் இருக்கிறது, 327. ஏன் இந்த வித்தியாசம்? 131 என்பது, பிளாஸ்டிக் பையை ஒரு தடவை பயன்படுத்திவிட்டு எறிவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எல்லாரும் அந்தப் பையை வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் பயன்படுத்தினால், தனியாகக் குப்பைப் பை வாங்குவது மிச்சமாகிறது. அந்த மிச்சத்தைப் பிளாஸ்டிக் பைக்கு வரவாக வைத்தால், துணிப்பை தாண்ட வேண்டிய உயரம் 327 ஆகிவிடுகிறது. பை மாறவில்லை, பருத்தி மாறவில்லை. மனிதர்கள் என்ன செய்வார்கள் என்ற அனுமானம் மட்டும் மாறியது.

இப்போது டென்மார்க்கின் 20,000. அதே அறிக்கை, வெப்பமாதலை மட்டும் பார்த்தால் இயற்கை வேளாண் பருத்திப் பைக்கு 149 தடவை, சாதாரணப் பருத்திப் பைக்கு 52 தடவை போதும் என்கிறது. 20,000 எங்கிருந்து வந்தது என்றால், நீர் மாசு, அமிலமழை, ஓசோன் படலத் தேய்வு என்று பல வகைப் பாதிப்புகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, எல்லாவற்றிலும் துணிப்பை ஜெயிக்க எத்தனை தடவை வேண்டும் என்று கேட்டார்கள். அதில் மிக மோசமாக வந்த ஒரே வகை ஓசோன். பரவிய எண் அந்த ஒற்றை வகையின் எண். மற்ற வகைகளில் கணக்கு வெகுவாகக் கீழே இறங்குகிறது.

இயற்கை வேளாண் பருத்தி சாதாரணப் பருத்தியைவிட மோசமாக வந்ததற்கும் காரணம் உண்டு. ரசாயன உரம் இல்லாமல் விளைவிக்கும்போது மகசூல் பொதுவாகக் குறைகிறது. அதே அளவு பஞ்சுக்கு அதிக நிலமும் உழைப்பும் தேவைப்படுகின்றன. மண்ணுக்கும் வயலில் வேலை செய்பவர்களின் உடம்புக்கும் கிடைக்கிற நன்மை உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கின் பத்திகளில் அது சரியாக விழுவதில்லை.

இன்னும் முக்கியமான ஒன்றும் விழவில்லை. தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பை சாக்கடையை அடைப்பதையும், கடலுக்குப் போய் ஆமையின் வயிற்றில் சேர்வதையும் டென்மார்க் ஆய்வு கணக்கில் எடுக்கவே இல்லை. குப்பை ஒழுங்காகச் சேகரித்து எரிக்கப்படும் ஒரு நாட்டுக்காகச் செய்த ஆய்வு அது. குப்பை தெருவில் பறக்கிற ஊருக்கு அதன் முடிவை அப்படியே தூக்கி வைத்தால் தவறாகிவிடும். எனவே "20,000 தடவை" என்று சொல்லிப் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குபவரையும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். சந்தேகம் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்தால் அது கட்சி கட்டுவது.

பைக் கதையிலிருந்து கைக்கு வருகிற முடிவு மிகச் சாதாரணமானது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பைதான் எல்லாவற்றையும்விட நல்ல பை. துணியோ பிளாஸ்டிக்கோ, கிழியும் வரை பயன்படுத்த வேண்டும். கருத்தரங்கிலும் விளம்பர நிகழ்ச்சியிலும் இலவசமாகக் கிடைக்கும் பத்தாவது துணிப்பையை வாங்கி அலமாரியில் மடித்துவைப்பது பிளாஸ்டிக்கைவிடக் கெடுதல்.

பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

பொருள்களை இரண்டு இனமாகப் பிரித்துப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். சில பொருள்களின் பாதிப்பு பெரும்பாலும் தயாரிப்பிலேயே முடிந்துவிடுகிறது. பை, கோப்பை, சட்டை, செருப்பு, நாற்காலி எல்லாம் இப்படி. கைபேசியும் இந்த இனம்தான். அது சார்ஜ் ஆக எடுக்கும் மின்சாரம் சொற்பம். சுரங்கத்திலிருந்து உலோகம் எடுப்பதிலும், சிப் செய்யும் தொழிற்சாலையிலும்தான் அதன் ஆயுட்காலப் பாதிப்பின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

வேறு சில பொருள்களின் பாதிப்பு பயன்படுத்தும்போதுதான் குவிகிறது. பல்பு, குளிர்சாதனப் பெட்டி, ஏசி, பெட்ரோல் கார்.

முதல் இனத்தில் எது பசுமை என்று கேட்டால், பழையதை நீண்ட நாள் வைத்திருப்பது. பழுது பார்த்துப் பயன்படுத்தும் கைபேசிக்கு முன்னால், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த புதுக் கைபேசி நிற்க முடியாது. இரண்டாவது இனத்தில் இதே புத்தி சில சமயம் தப்பாகப் போகும். 60 வாட் குண்டு பல்பு ஆயிரம் மணி நேரம் எரிந்தால் 60 யூனிட். அதே வெளிச்சம் தரும் எல்இடி பல்பு ஏறக்குறைய 9 யூனிட்டில் முடித்துவிடும். இங்கே "இருப்பதை வீணாக்கக் கூடாது" என்று பழைய பல்பு பீஸ் போகும் வரை காத்திருப்பதுதான் வீண்.

மின்சார கார் இரண்டு இனத்துக்கும் நடுவில் இருப்பதால்தான் அதைப் பற்றி அவ்வளவு சண்டை. பேட்டரி செய்வதற்கு நிறைய ஆற்றல் செலவாகிறது. ஷோரூமில் நிற்கும்போது மின்சார காரின் கணக்கில் பெட்ரோல் காரைவிட அதிகக் கரி, அதாவது கார்பன் உமிழ்வு, ஏறியிருக்கும். ஓட ஓட அந்தக் கடன் அடையும். எவ்வளவு வேகமாக அடையும் என்பது, அது குடிக்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருகிறதா என்பதைப் பொறுத்தது. தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் குழு 2021இல் இதைக் கணக்கிட்டது. அந்த ஆண்டு பதிவான நடுத்தர மின்சார காரின் ஆயுட்கால உமிழ்வு, அதே மாதிரியான பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. சீனாவில் 37 முதல் 45 சதவீதம். இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம். "நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் பெட்ரோல் காரைவிட மோசம்" என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்கவில்லை. "புகையே இல்லாத வண்டி" என்ற விளம்பரமும் நிற்கவில்லை. அதோடு, பேருந்தில் போகக்கூடியவர் மின்சார கார் வாங்கினால் எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வியே மாறிவிடுகிறது. எந்தப் பசுமைப் பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது வராவிட்டால் அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும்?

தட்டில் இருப்பது

பக்கத்தில் விளைந்ததைச் சாப்பிட வேண்டும், தூரத்திலிருந்து வருவது கெடுதல் என்பது பலருக்கு மிக இயல்பாகத் தோன்றும். லாரி, கப்பல், டீசல் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் அமெரிக்கக் குடும்பங்களின் உணவை 2008இல் ஆராய்ந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவின் மொத்தப் பசுமைக்குடில் வாயு உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு 11 சதவீதம்தான் என்று கண்டார்கள். உற்பத்தியாகும் இடத்திலிருந்து கடைக்கு வரும் அந்தக் கடைசிப் பயணம் 4 சதவீதம். மிச்சத்தில் மிகப் பெரும் பங்கு வயலிலும் தொழுவத்திலும் நடப்பது.

கப்பலின் கணக்கு பலரை ஆச்சரியப்படுத்தும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக விமானம் வெளியிடும் அளவு, கப்பல் வெளியிடுவதைப் போல ஐம்பது மடங்கு வரை. கடல் கடந்து கப்பலில் வந்த பழத்தின் பயணம் சிறிய செலவு. உடனே வாடிவிடும் என்பதற்காக விமானத்தில் வந்த பழம் அப்படியில்லை. குளிர்காலத்தில் எரிவாயு எரித்துச் சூடேற்றிய கண்ணாடிக்கூடத்தில் பக்கத்திலேயே விளைந்த தக்காளி, வெயில் அடிக்கும் தூர தேசத்துத் தக்காளியிடம் பல சமயம் தோற்றுப்போகிறது.

எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன சாப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம் மலைபோல் இருக்கிறது. ஜோசஃப் புவர், தாமஸ் நெமெச்செக் இருவரும் 2018இல் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி ஒரு பெரிய ஒப்பீடு வெளியிட்டார்கள். அதன்படி 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் கறி சராசரியாகச் சுமார் 50 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுக்களை வெளியிடுகிறது. பட்டாணிக்கு அது அரைக் கிலோவைத் தொடவில்லை. அசை போடும் விலங்கின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனும், மேய்ச்சலுக்கு அழிக்கப்படும் காடும் சேர்ந்து வந்த எண் இது. நூறு மடங்கு வித்தியாசம் இருக்கும் இடத்தில், எத்தனை கிலோமீட்டர் தாண்டி வந்தது என்று பேசிக்கொண்டிருப்பது நேரத்தை விரயமாக்குவது.

பிளாஸ்டிக் சுற்றிய வெள்ளரிக்காயும் இங்கே பார்க்க வேண்டிய ஒன்று. காய்க்கு இயற்கையே தோல் கொடுத்திருக்க, மேலே எதற்குப் பிளாஸ்டிக் என்று பார்த்ததும் கோபம் வரும். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனம் ஸ்பெயினிலிருந்து வரும் வெள்ளரியை எடுத்துக் கணக்குப் போட்டது. மொத்தப் பாதிப்பில் அந்த மெல்லிய உறையின் பங்கு ஏறக்குறைய 1 சதவீதம். ஒரு வெள்ளரி வாடிக் குப்பைக்குப் போனால் ஏற்படும் பாதிப்பு, 93 உறைகளின் பாதிப்புக்குச் சமம். உறை காயை வாடாமல் வைத்து, வீணாவதைக் கொஞ்சம் குறைத்தாலே தன் செலவைப் போலப் பல மடங்கு மிச்சம் பிடித்துவிடுகிறது. இதை வைத்து எல்லா உறையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. விளைந்த இடத்திலிருந்து அன்றைக்கே கைக்கு வரும் காய்க்கு உறை வெறும் குப்பைதான். ஆனால் சமையலறையில் நான் பார்க்கிற மிகப் பெரிய பசுமைப் பிரச்சினை, வாங்கி வைத்துச் சாப்பிடாமல் கெட்டுப்போகும் உணவு. உறையைக் குறை சொல்பவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

'மக்கும்', 'மறுசுழற்சியாகும்'

இந்த இரண்டு முத்திரைகளையும்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டுமே நிபந்தனையோடு கூடிய வாக்குறுதிகள், நிபந்தனையைப் பையின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தினர் பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடல்நீரில் போட்டும், வெளியில் தொங்கவிட்டும் காத்திருந்தார்கள். 2019இல் முடிவு வந்தது. மக்கும் என்று விற்ற ஒரு பை, மண்ணிலும் கடலிலும் மூன்று வருஷத்துக்கு மேல் கிடந்த பிறகும் சாமான் தூக்கும் அளவுக்கு முழுசாக இருந்தது. உரமாகும் வகையைச் சேர்ந்த இன்னொரு பை கடல்நீரில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது. சோளத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக் மக்க வேண்டுமானால், 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தைத் தொடர்ந்து வைத்திருக்கும் தொழில்முறை உரக்கூடம் வேண்டும். கொல்லையில் கொட்டினால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். சில ரசாயனங்கள் கலந்து வெயிலில் துண்டு துண்டாக உடையும்படி செய்த பிளாஸ்டிக்கும் மக்கும் என்ற பெயரில் விற்றது. உடைந்தது நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் கலந்தது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அதற்குத் தடை விதித்துவிட்டது.

மறுசுழற்சியில் பொருளுக்குப் பொருள் கதை வேறு. அலுமினியம் உண்மையிலேயே வெற்றி. தாதுவிலிருந்து எடுப்பதைவிட, பழைய கேனை உருக்கினால் 95 சதவீத ஆற்றல் மிச்சம். எத்தனை தடவை உருக்கினாலும் தரம் போகாது. பிளாஸ்டிக் அப்படியில்லை. 2015 வரை உலகம் உண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியானது சுமார் 9 சதவீதம், எரித்தது 12 சதவீதம், மிச்சம் 79 சதவீதம் குப்பைக்கிடங்கிலோ வெளியிலோ கிடக்கிறது என்று 2017இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பாட்டிலின் அடியில் அம்புகள் சுற்றும் முக்கோணமும் உள்ளே ஓர் எண்ணும் பார்த்திருப்பீர்கள். 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. அதை யாராவது மறுசுழற்சி செய்கிறார்களா என்பது வேறு விஷயம். தண்ணீர் பாட்டிலின் 1ஆம் எண்ணுக்கும் பால் கேனின் 2ஆம் எண்ணுக்கும் ஓரளவு சந்தை இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. மக்கள் அம்பைப் பார்த்து நம்புகிறார்கள் என்பதால், தர நிர்ணய அமைப்பே 2013இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கியது. பழைய அச்சுகளில் அம்பு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கரியைக் காசு கொடுத்து ஈடுகட்டும் திட்டங்களைப் பற்றி ஒன்று மட்டும். விமான டிக்கெட்டோடு சேர்த்து ஒரு மரத்துக்கும் பணம் கட்டினால், அந்த மரம் உங்கள் பணம் இல்லாமலும் அங்கே நின்றிருக்குமா என்று கேளுங்கள். நின்றிருக்கும் என்றால் எதுவும் ஈடாகவில்லை. புகை இன்றைக்குப் போகிறது. மரம் பல பத்தாண்டுகள் எரியாமல், வெட்டப்படாமல் நின்றால்தான் அதைத் திரும்ப எடுக்கும்.

சின்னது எது, பெரியது எது

பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு எதிரான இயக்கம் உலகையே சுற்றியது. காகித ஸ்ட்ரா வந்தது. பெல்ஜியத்தில் 2023இல் சோதித்த 20 காகித ஸ்ட்ரா பிராண்டுகளில் 18இல், எளிதில் அழியாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் தென்பட்டன. அளவு குறைவுதான், பயப்படுமளவுக்கு இல்லை. ஆனால் காகிதம் என்றாலே தூய்மை என்று நினைக்க முடியாது என்பது தெரிந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அளவு பற்றிய கேள்வி. பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் மாபெரும் குப்பைத் திட்டை அளந்து 2018இல் முடிவை வெளியிட்டவர்கள், அதன் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள் என்று கண்டார்கள். ஸ்ட்ராவுக்குக் கிடைத்த கோபத்தில் பத்தில் ஒரு பங்காவது கைவிடப்பட்ட வலைகளுக்குக் கிடைத்திருந்தால் ஆமைகளுக்கு அதிக நன்மை கிடைத்திருக்கும்.

தனிமனிதத் தேர்வுகளையும் இப்படி அடுக்கிப் பார்க்கலாம். வளர்ந்த நாடுகளில் வாழ்பவர்களை வைத்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வுப்படி, கார் இல்லாமல் வாழ்ந்தால் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான உமிழ்வு மிச்சம். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்த்தால் 1.6 டன். தாவர உணவுக்கு மாறினால் 0.8 டன். குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுத்தால் 0.2 டன். குப்பையைப் பிரிக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வருஷம் முழுக்கப் பிரித்ததை ஒரே விமானப் பயணம் எட்டு மடங்காக அழித்துவிடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். சின்ன நல்ல காரியம் செய்த திருப்தியில் பெரிய செலவுக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொள்வது மனித இயல்பு. அதை விற்பனையாளர்களும் நன்றாக அறிவார்கள்.

சந்தேகத்தின் எல்லை

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்போ பருவநிலை மாற்றமே கட்டுக்கதை" என்று யாராவது போனால், அவர் சந்தேகிக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்பதை 1856இல் யூனிஸ் ஃபூட்டும் 1859இல் ஜான் டின்டலும் சோதனையில் காட்டிவிட்டார்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நோய் இருப்பதை இந்த அளவீடுகள் சொல்கின்றன. மருந்து என்று விற்கப்படும் ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்பதுதான் நாம் சோதிக்க வேண்டியது.

அந்தச் சோதனையில் யாரும் அதிகம் பேசாத ஒன்று வெளிப்படுகிறது. மின்சார காரின் எண்களுக்குத் திரும்பிப் போங்கள். கார் ஒரே மாதிரி, ஓட்டுபவரின் அக்கறையும் ஒரே மாதிரி; நாட்டுக்கு நாடு முடிவை மாற்றியது பெருமளவுக்கு மின் நிலையம். வாங்குபவர் கையில் இல்லாத ஒன்று. 2004 வாக்கில் தனிமனிதரின் கரித்தடத்தை, அதாவது ஒருவரால் வெளியாகும் கார்பனின் அளவை, கணக்கிடும் கருவியை விளம்பரப்படுத்தி, அந்தப் பேச்சைப் பிரபலமாக்கியது பிபி எண்ணெய் நிறுவனம். ஒவ்வொருவரும் தன் தடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், எண்ணெய்க் கிணற்றை நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது.

சுற்றுச்சூழலில் உண்மையிலேயே ஜெயித்த சண்டைகளை எடுத்துப் பார்த்தால், கடை அலமாரியில் நின்று மக்கள் சரியானதைத் தேர்ந்தெடுத்ததால் மட்டும் ஜெயித்தது அரிது. ஓசோனைத் தின்ற வாயுக்களை 1987இன் மாண்ட்ரியல் ஒப்பந்தம் படிப்படியாகத் தொழிற்சாலையிலேயே நிறுத்தியது. 'ஓசோனுக்கு உகந்தது' என்று ஸ்ப்ரே டப்பாவில் ஒட்டிய காகிதம் அந்த ஒப்பந்தத்துக்குத் துணையாக வந்தது, அவ்வளவே. ஈயம் கலந்த பெட்ரோலும் அப்படித்தான். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்று தெரிந்த பிறகு, நாடு நாடாகச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. அதற்குப் பிறகு உலகில் எந்தப் பங்க்கிலும் வண்டிக்குப் பெட்ரோல் போடும் ஒருவர், ஈயம் உள்ளதா இல்லாததா என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.